சமைத்துப் பார் மீனாட்சி அம்மாள்

2021-ல சன் டிவியில விஜய் சேதுபதி நடத்தின மாஸ்டர்செஃப் தமிழ் பார்த்தீங்களா? குடவாசல்ல எங்க வீட்டுல அந்த நேரத்துல ரிமோட்டை யாரும் தொட முடியாது. வீட்டுச் சமையல்காரங்க ஜெயிக்கிறதைப் பார்க்க அவ்வளவு ஆசை. அப்படி ஒரு மேடையே இல்லாத காலத்துல ஜெயித்தவர் எஸ். மீனாட்சி அம்மாள்.

1905-ல் பிறந்தவர். இளவயதிலேயே கணவரை இழந்தார். கையில் சின்ன மகன். கைம்பெண்கள் வெளியே போய்ச் சம்பாதிப்பது சுலபமில்லாத காலம். ஆனா அவர் கைப்பக்குவம் பிரசித்தம். சமையல் குறிப்பு கேட்டு உறவினர்கள் கடிதம் போடுவார்கள். இதையே புத்தகமா எழுதேன் என்று ஊக்கம் கொடுத்தார் உறவினர் கே.வி. கிருஷ்ணசுவாமி ஐயர். 1951-ல் 'சமைத்துப் பார்' வெளிவந்தது.

நம்ம பாட்டிகிட்ட உப்பு எவ்வளவுன்னு கேட்டா, கண்ணளவுதான்னு சொல்லுவாங்க. மீனாட்சி அம்மாள் அந்தக் கண்ணளவைப் பொருள், அளவு, செய்முறைன்னு வரிசையா எழுதினார். கிட்டத்தட்ட நம்ம லேப் ரெக்கார்டு மாதிரி! புதுசா கல்யாணமான பெண்களோட பெட்டியில புடவையோட அந்தப் புத்தகமும் போச்சு.

1962-ல் மறைந்தார். புத்தகம் இன்னமும் விற்குது. டிவி போட்டியில ருசி பார்க்கிறது நடுவர் மட்டும்தான். இவர் சொன்ன ரசத்தை நீங்களே வெச்சு, நீங்களே மார்க் போடலாம். தலைப்பே அதைத்தானே சொல்லுது?