ஓட்டையைக் கணக்குப் போட்ட எஞ்சினியர்



இரும்புக் கப்பல் எப்படி மிதக்குது என்று எங்க அப்பா ஒருநாள் கேட்டார். எங்க வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். ஆர்க்கிமிடிஸ் விதியைச் சொல்லிச் சமாளித்தேன். ஓட்டை விழுந்தா என்ன ஆகும் என்று அடுத்த கேள்வி வந்தது. முழித்தேன். அந்தக் கேள்விக்கே வாழ்நாளைக் கொடுத்தவர் ஒருவர் உண்டு.

அவர் பெயர் லூயி எமில் பெர்தான். 1840-ல் பிரான்சின் நான்சி நகரில் பிறந்தார். பாரிசின் எகோல் பாலிடெக்னிக்கில் படித்தார். பெயரில்தான் நம்ம பாலிடெக்னிக். அங்கே சீட் கிடைப்பது குதிரைக்கொம்பு!

கடற்படை எஞ்சினியரான பெர்தான், குண்டு படாத கப்பல் கட்டுவதை விட, பட்டாலும் கவிழாத கப்பல் கட்டுவதே முக்கியம் என்று நினைத்தார். நீர்மட்டத்தை ஒட்டி இரண்டு தளங்களுக்கு நடுவே தேன்கூடு மாதிரி சின்னச் சின்ன அறைகள். ஓட்டை விழுந்தால் சில அறைகளில் மட்டும் தண்ணீர் நிற்கும். எவ்வளவு எளிய யோசனை பாருங்கள்!

1886 முதல் 1890 வரை ஜப்பானில் இருந்து, அந்நாட்டுக் கடற்படைக்குக் கப்பல்கள் வடிவமைத்தார். குரே, சசேபோ தளங்கள் உருவாகவும் உழைத்தார். தாய்நாடு திரும்பியவருக்கு 1895-ல் கப்பல் கட்டும் துறையின் தலைமைப் பொறுப்பு கிடைத்தது.

அப்போது அவர் கவசக் குரூசர்கள் சிலவற்றை வடிவமைத்தார். பக்கவாட்டில் எஃகுக் கவசம், கூடவே நல்ல வேகம். 1899-ல் நீரில் இறங்கிய ழான் தார்க் கப்பலுக்கு 48 பாய்லர்கள், 6 புகைபோக்கிகள். 23 நாட் வேகம் என்று கணக்கு. ஓட்டிப் பார்த்தால் 22-ஐக்கூடத் தொடவில்லை. மனுஷன் சோர்ந்துவிடவில்லை. கப்பல் மாதிரிகளைத் தண்ணீரில் இழுத்துச் சோதிக்கும் தொட்டி பாரிசில் 1906-ல் வரக் காரணமானார்.

ஆனால் காலம் வேறு கணக்குப் போட்டது. 1915 ஏப்ரல் 27. அவர் வடிவமைத்த லெயோன் கம்பெத்தாவை ஆஸ்திரிய நீர்மூழ்கி ஒன்று இரண்டு டார்பிடோக்களால் அடித்தது. சுமார் பத்தே நிமிடம். இருந்த 821 பேரில் 684 பேர் மாண்டார்கள். தேன்கூட்டு அறைகள் இருந்தது நீர்மட்டத்தில். அடி விழுந்ததோ அதற்கும் கீழே. அப்போது அவருக்கு வயது 75.

1924-ல் பெர்தான் மறைந்தார்.

நண்பர்களே, அப்பாவின் கேள்விக்கு இப்போது என்னிடம் பதில் உண்டு. ஓட்டை விழும் என்று நினைத்தே கட்டணும். அப்படிக் கட்டினாலும், கணக்கு முடிந்தது என்று மட்டும் நினைக்கக் கூடாது.

— இரண்டாம் ஆண்டு, மெக்கானிக்கல்