எதிர்காலத்தை வணங்கிய பாண்டியன்

குற்றாலத்தில் சாரல் விழும் நாட்களில் தென்காசிக் கோபுர வாசலில் நின்றால் காற்று ஆளையே தள்ளும். அருவியில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு கோவிலுக்கு வருகிறவர்கள் அந்தக் காற்றில் சற்று நின்றுவிட்டுத்தான் உள்ளே போவார்கள். அந்தக் கோவிலைக் கட்டிய மன்னன், கல்லிலே ஒரு விசித்திரமான வேண்டுகோளையும் விட்டுச் சென்றான். அவன்தான் பராக்கிரம பாண்டியன்.

மதுரை போயிற்று

பாண்டியர் குலம் மதுரையில் கொடி கட்டி ஆண்ட குலம். 14-ம் நூற்றாண்டில் அடுத்தடுத்து வந்த படையெடுப்புகளால் மதுரை கைவிட்டுப் போயிற்று. பாண்டியர்கள் தெற்கே ஒதுங்கினார்கள். 1422-ம் ஆண்டில் பராக்கிரமன் பட்டத்துக்கு வந்தபோது குலத்தின் பெருமை பெரிது. கையில் இருந்த சீமையோ சிறிது.

அந்தச் சிறிய சீமையில் பெரிய கோவில் ஒன்றைக் கட்ட அவன் ஆசைப்பட்டான். சிவபெருமான் கனவில் தோன்றி, எறும்புகள் சாரி சாரியாகப் போகும் வழியே சென்றால் சிற்றாற்றங்கரையில் லிங்கம் கிடைக்கும் என்று சொன்னதாகத் தல வரலாறு கூறுகிறது. குற்றால மலையில் பிறந்து வரும் அந்த ஆற்றின் கரையில், 1446-ம் ஆண்டில் காசி விசுவநாதர் கோவில் திருப்பணி தொடங்கியது.

வேலை 17 ஆண்டுகள் நடந்தது. 1457-ம் ஆண்டில் கோபுரத்துக்கு அடிக்கல் விழுந்தது. ஆனால் அது முடியும் முன்பே, 1463-ம் ஆண்டில், மன்னன் கண்ணை மூடினான். மிச்ச வேலையைத் தம்பி குலசேகரன் முடித்தான்.

சாபம் இல்லை, வணக்கம்!

கோவிலுக்கும் குளத்துக்கும் கொடுத்த தானத்தைக் கல்லில் வெட்டி வைப்பது அக்கால வழக்கம். நிலத்தின் எல்லை என்ன, விளக்கு எரிக்க வேண்டியவர் யார் என்றெல்லாம் ஊரறிய எழுதுவார்கள். தர்மத்துக்குக் கெடுதல் செய்தவன், கங்கைக் கரையில் காராம் பசுவைக் கொன்ற பாவத்தை அடைவான் என்று சாபமும் சேர்ப்பார்கள்.

பராக்கிரமன் சாபத்தை நம்பி நிற்கவில்லை. இந்தக் கோவிலுக்கு என்றாவது ஒரு குறை வந்தால், அதை நீக்கிக் காப்பாற்றுகிறவர் யாராயிருந்தாலும் அவரை உலகறியத் தான் வணங்குவதாக எழுதி வைத்தான். முடிசூடிய மன்னன், இன்னும் பிறக்காத ஒருவருக்குத் தலை வணங்கினான்! கட்டுவது தன் கையில், காப்பது பின்னால் வருகிறவர் கையில் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது.

அவன் பயந்தபடியே குறை வந்தது. கோபுரம் சிதைந்தது, நடுவே பிளந்து, தலையற்றுப் பல தலைமுறைகள் நின்றது.

கணக்குக் கேட்கும் சட்டம்

வணக்கம் மட்டும் போதாது என்று பிற்காலத்தார் கண்டார்கள். தர்மகர்த்தாக்கள் கோவில் சொத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்று 1920-களில் சென்னை மாகாணத்தில் சட்டம் வந்தது. அறநிலைய வாரியம் அமைந்தது. 1930 முதல் 1935 வரை அதில் கமிஷனராக இருந்தவர், தென்காசிக் குடும்பத்தைச் சேர்ந்த ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார். பிற்காலத்தில் குற்றாலத்தில் குடியிருந்து, 1954-ம் ஆண்டில் மறைந்தவர்.

கோபுரத்துக்கும் நல்ல காலம் பிறந்தது. பத்திரிகை அதிபர் சிவந்தி ஆதித்தன் முன்னின்று நடத்திய திருப்பணியில், நன்கொடைகளைக் கொண்டு ஒன்பது நிலைக் கோபுரம் மீண்டும் எழுந்தது. 1990-ம் ஆண்டில் குடமுழுக்கு நடந்தது. மன்னன் வணங்கிய மனிதர்கள் வந்துவிட்டார்கள்; அதற்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

மன்னன் கொடுத்த பொன்னானாலும், ஊரார் போட்ட நன்கொடையானாலும், 1968-ல் தமிழக அரசு தொடங்கிய பரிசுச் சீட்டில் ஏழை போட்ட ஒரு ரூபாயானாலும் நியாயம் ஒன்றுதான். பொதுக் காரியத்துக்கு என்று வந்த பணத்துக்குப் பொதுவிலே கணக்கு வேண்டும். பொறுப்பில் அமர்கிறவர்கள் ஒருமுறை தென்காசி வாசலில் நின்று பார்க்கலாம். ஒரு மன்னன் அங்கே அவர்களை வணங்கி நிற்கிறான். அந்த வணக்கத்துக்குத் தகுதி தேடிக்கொள்வது அவர்கள் பொறுப்பு.