சுதேசிக் கப்பல்

தாமிரவருணி கடலோடு கலக்குமிடத்தில் பண்டு கொற்கை என்னும் பெருந்துறை இருந்தது. ஆற்று வண்டல் அதனைத் தூர்த்தது. கடலும் விலகிச் சென்றது. பிற்காலத்தில் அவ்வட்டாரத்தின் கடல்வாணிகம் தூத்துக்குடிக்கு மாறியது. அங்கே வழக்குரைஞராக விளங்கியவர், 1872இல் ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ. சிதம்பரனார்.

தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கடற்போக்குவரத்தைத் தன்வயப்படுத்தியிருந்தது பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனி. அது தன் முயற்சியால் மட்டும் வளர்ந்ததன்று. 1856இல் கல்கத்தாவுக்கும் இரங்கூனுக்கும் இடையே அரசின் அஞ்சலைச் சுமக்கும் ஒப்பந்தத்தை நம்பியே அது தோன்றியது. அஞ்சலுக்கென அரசு அளித்த தொகை, சரக்கு குறைந்த காலத்திலும் கப்பல்களை ஓட்டும் வலிமையைத் தந்தது.

சிதம்பரனாருக்கோ மக்களே முதலீட்டாளர். 1906 அக்டோபரில் சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவு செய்யப்பெற்றது. மூலதனம் 10 இலட்சம் ரூபாய். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். பாண்டித்துரைத் தேவர் தலைவரானார். முதலில் வாடகைக்குக் கப்பல் தந்தவர்கள், எதிர்த்தரப்பின் நெருக்குதலால் அதனைத் திரும்பப் பெற்றனர். சிதம்பரனார் கொழும்பிலிருந்து வேறொரு கப்பலை அமர்த்தினார். பின்பு, சொந்தக் கப்பலின்றி நிலைக்க இயலாதெனத் தெளிந்து பம்பாய் சென்றார். 1907இல் காலியா, லாவோ என்னும் இரு நீராவிக் கப்பல்கள் தூத்துக்குடியை அடைந்தன. காலியாவில் மட்டும் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் பயணம் செய்யலாம்.

ஆங்கிலக் கம்பெனி கட்டணத்தை வெகுவாகக் குறைத்தது. ஈற்றில் இலவசப் பயணத்தோடு குடையும் தர முன்வந்ததாகக் கூறுவர். மக்களோ கட்டணம் செலுத்திச் சுதேசிக் கப்பலிலேயே ஏறினர். வாணிகப் போட்டி அளவில் நின்றிருந்தால் முடிவு வேறாகியிருக்கக்கூடும். நீராவி எந்திரத்தைப் பணம் கொடுத்து வாங்க முடிந்தது. துறைமுகமும் சுங்கமும் நீதிமன்றமும் அரசின் கையில் இருந்தன.

1908 தொடக்கத்தில் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தைச் சிதம்பரனார் முன்னின்று நடத்தினார். மார்ச் 12ஆம் நாள் அவர் கைதானார். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். சூலையில் திருநெல்வேலி அமர்வு நீதிமன்றம் அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தது. மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது. எனினும், பங்குதாரரை ஒன்றுசேர்த்து வைத்திருந்தவர் கோயம்புத்தூர்ச் சிறையில் செக்கிழுத்துக்கொண்டிருந்தார். 1911இல் கம்பெனி கலைக்கப்பட்டது. 1912 திசம்பரில் அவர் விடுதலையானபோது வழக்குரைஞர் உரிமமும் பறிபோயிருந்தது.

நாடு விடுதலை பெற்றபின், கரையோரக் கப்பல் வாணிகத்தை இந்தியக் கப்பல்களுக்கே ஒதுக்கும் கொள்கையை அரசு மேற்கொண்டது. 1936 நவம்பர் 18இல் மறைந்த சிதம்பரனார் அதனைக் காணவில்லை.