ஜுல்பா நகரத்து உஸ்கான்

சென்னைப் பட்டினத்தின் பழைய வணிகப் பகுதியில் ஆர்மீனியன் தெரு என ஒரு தெரு உளது. அயலில் வாழும் தமிழ் மக்கள் அதனை அரண்மனைக்காரன் தெரு என்றே நெடுங்காலம் வழங்கி வந்தனர். அரண்மனை ஒன்று அங்கிருந்தமையால் வந்த பெயர் அன்று அது. ஆர்மீனியன் என்னும் வேற்றுமொழிச் சொல் தமிழர் நாவிற் புகுந்து, தமக்குப் பொருள் விளங்கும் ஒரு சொல்லாய் உருத்திரிந்தது, அவ்வளவே. திரிபு எனினும் முற்றும் பொருந்தாத திரிபு என்று அதனைத் தள்ளிவிடுதற்கில்லை. அந்த ஆர்மீனியருள் அரசச் செல்வம் படைத்தோரும் இருந்தனர். அவருள் தலைநின்றவர் கோஜா பெத்ரூஸ் உஸ்கான். கோஜா என்பது பெருவணிகர்க்கு வழங்கிய சிறப்புப் பெயர்.

உஸ்கான் பிறந்த ஊரின் வரலாற்றை அறியாதார்க்கு அவர்தம் வாழ்வு விளங்காது. ஆர்மீனியர் நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கிறித்தவத்தை அரச சமயமாகக் கொண்டோர். அவருடைய நகரங்களுள் அறாஸ் ஆற்றங்கரையில் இருந்த ஜுல்பா பட்டு வணிகத்தாற் பெயர் பெற்றது. 1604ஆம் ஆண்டிலே, துருக்கியரோடு போர்புரிந்த பாரசீக மன்னர் ஷா அப்பாஸ், பகைப்படைக்கு உணவும் உறையுளும் கிட்டாவண்ணம் அந்நிலப்பகுதியையே வெறுமையாக்கத் துணிந்தார். மக்கள் ஆற்றைக் கடக்குமாறு துரத்தப்பட்டனர். வெள்ளத்தில் மாண்டோர் பலர். மீண்டும் வந்து குடியேறாதவாறு ஊர் எரியூட்டப்பட்டது. பின்னர் அதே மன்னர், எஞ்சிய ஜுல்பா வணிகரைத் தம் தலைநகராகிய இஸ்பகானின் மருங்கே, சாயந்தே ரூத் ஆற்றின் தென்கரையிற் குடியமர்த்தினார். ஊரை அழித்த கையே ஊரை ஆக்கியும் கொடுத்ததென்றால், அதற்குக் காரணம் அருள் என்று கொள்ளுதல் பிழையாகும். பாரசீகப் பட்டினை மேல்நாடுகளிற் கொண்டுபோய் விற்று வெள்ளி கொணரும் திறம் அவர்பால் இருந்தமையே காரணம்.

இவ்வாறு எழுந்ததே புது ஜுல்பா. அங்கே ஆர்மீனியர்க்குத் தம் இனத்தவனாகிய ஊர்த்தலைவன் இருந்தான்; கோயில்கள் எழுந்தன. அங்கிருந்த துறவியர் தாமே அச்சுப்பொறி செய்து 1638இல் சங்கீத நூலொன்றைப் பதிப்பித்தனர். பாரசீக மண்ணில் அச்சேறிய முதல் நூல் அதுவே. தமிழ் அதற்கு அறுபது ஆண்டு முந்தி, 1578இல், கொல்லத்தில் அச்சேறிவிட்டமை ஈண்டு நினைவுகூரத் தக்கது.

ஜுல்பா வணிகரின் முறை தனித்தன்மை வாய்ந்தது. முதலுடையார் ஊரில் இருப்பர். இளையவர் ஒருவர் அம்முதலைப் பெற்று, ஷீராஸ் வழியாகப் பாரசீகக் குடாவின் பந்தர் அப்பாஸ் துறையை அடைந்து, சூரத்துக்கோ சென்னைக்கோ கப்பலேறுவார். ஆண்டுகள் பல கழிந்தபின் மீண்டு கணக்கொப்புவித்து, இலாபத்தில் தம் பங்கைப் பெறுவார். இடையே பேசுவன கடிதங்களே. கணக்கில் வழுவியவனுக்கு மறுமுறை முதல் கொடுப்பார் இலர். இவர்தம் ஆற்றலை உணர்ந்த ஆங்கிலக் கும்பனியார் 1688இல் உடன்படிக்கை ஒன்று செய்து, தம் பட்டினங்களில் ஆங்கிலேயர்க்குரிய வணிக உரிமைகளை ஆர்மீனியர்க்கும் நல்கினர்.

அந்தப் புது ஜுல்பாவிலே, வெலிஜான் என்பாரின் வழியில் வந்த கத்தோலிக்கக் குடியொன்றில், 1680ஆம் ஆண்டையடுத்துப் பிறந்தவர் உஸ்கான். இளமையில் அவர் நாள்தோறும் கண்டிருக்கக்கூடிய காட்சி ஒன்றுண்டு. ஜுல்பாவையும் இஸ்பகானையும் இணைத்து நின்ற, முப்பத்து மூன்று வளைவுகள் கொண்ட கற்பாலம் அது. உலகப் பயணிகள் வியந்து நின்ற அப்பாலம் ஜுல்பா மக்களுக்கு அன்றாட வழியாய் இருந்தது.

உஸ்கான் சென்னையை உறைவிடமாகக் கொண்டு மணிலாவோடு வாணிகம் நடத்தினார். மணிலாத் துறை இசுப்பானியர் கையில் இருந்தது. ஆங்கிலேயர் அங்கே வெளிப்படையாகச் சரக்கிறக்க இயலாது; ஆர்மீனியர் பெயரிற் சென்ற கப்பலுக்குத் தடை இல்லை. ஆகவே சென்னைத் துணி மணிலாவுக்கும் மணிலா வெள்ளி சென்னைக்கும் உஸ்கான் போன்றோர் வழியாகச் சென்று வந்தன. அவர் செல்வம் பெருகிய வகை இது.

ஈட்டிய செல்வத்தை அவர் செலவிட்ட வகையே அவரை இன்றுவரை நிலைக்கச் செய்தது. கோட்டையிலிருந்து பறங்கிமலைக்குச் செல்வோர் அடையாற்றைக் கடத்தல் வேண்டும். மழைக்காலத்தில் ஆறு பெருகும், வழி அறும். தோமையர் உயிர்நீத்ததாகக் கிறித்தவர் போற்றும் மலையாதலின் அங்கே யாத்திரிகர் ஓயாது சென்றனர். 1726இல் உஸ்கான் தம் பொருளாலேயே அவ்வாற்றின் குறுக்கே கல்லாற் பாலம் சமைத்தார். அதற்கு முப்பதாயிரம் வராகன் செலவிட்டதோடு, பின்னாட் பழுதுபார்க்கவென ஆயிரத்தைந்நூறு வராகனும் வைத்தார் என்பர். மலைமேல் ஏறப் படிகளும் கட்டுவித்தார். பாலத்துக்கு மர்மலோங் என ஆங்கிலேயர் இட்ட பெயர் வேறொன்றுமன்று. மாம்பலமே அவர் வாயில் அவ்வாறாயிற்று. ஆர்மீனியனை அரண்மனைக்காரன் ஆக்கிய நாம் அவரை நகைத்தற்கில்லை.

பாலத்தருகே அவர் நாட்டிய கல்வெட்டு பாரசீகம், ஆர்மீனியம், இலத்தீன் ஆகிய மும்மொழியில் அமைந்தது. அப்பாலத்தின்மேல் நடந்தோருட் பெரும்பாலோர் மொழி தமிழ்; அம்மொழிக்கு அக்கல்லில் இடமில்லை. தமிழரோடு இத்துணைக் காலம் வாழ்ந்த ஒருவர் இதனை எண்ணாது விட்டமை நமக்கு ஒரு குறையாகவே தோன்றுகின்றது.

பாலம் எழுவதற்கு நான்காண்டு முன்னரே புது ஜுல்பாவின் நற்காலம் முடிந்துவிட்டது. 1722இல் ஆப்கானியர் இஸ்பகானை முற்றுகையிட்டு வீழ்த்தியபோது ஜுல்பாவிடம் பெருந்தண்டம் பறித்தனர். பின்வந்த நாதிர் ஷா தம் இறுதிக் காலத்தில், 1746, 1747ஆம் ஆண்டுகளில், வணிகரை வருத்தி எஞ்சியதையும் கவர்ந்தார். பொருளுடையார் பஸ்றாவுக்கும் வெனிசுக்கும் இந்தியாவுக்கும் சிதறினர். உஸ்கானுக்கு நேர்ந்த கொடுமை யாதெனில், பிறந்த ஊர் குலைந்த அவ்வேளையிலேயே புகுந்த ஊரும் வீழ்ந்தது. 1746 செப்ரெம்பரிற் பிரான்சியர் சென்னையைக் கைப்பற்றினர். உஸ்கானின் மனையும் சரக்கும் பறிமுதலாயின. புதுச்சேரிக்கு வந்து வாழ்ந்தால் அவற்றை மீட்டுத் தருவதாகப் பிரான்சியர் கூறியும் அவர் இசையாது, தேனியர் ஆட்சியில் இருந்த தரங்கம்பாடியிலே தங்கினார் என்பது வரலாறு.

1749இற் சென்னை மீண்டும் ஆங்கிலேயர் வசமாயிற்று. அவர்கள் செய்த முதற் செயல்களுள் ஒன்று, கத்தோலிக்கரும் ஆர்மீனியரும் கோட்டையகத்து வெள்ளையர் பட்டினத்தில் வீடுடையராய் இருத்தலாகாது என விலக்கியது. அறுபத்தோராண்டு முன்னர் எழுதிக் கொடுத்த உரிமை அச்சத்தின் முன் நில்லாது போயிற்று. உஸ்கானை மட்டும், அவர் செய்த நன்மைகளைக் கருதி, அங்கே இருக்க விட்டனர். தம் இனத்தார் வெளியேற்றப்பட்ட தெருவிலே தாம் ஒருவர் மட்டும் இருக்கப் பெற்ற சலுகை இன்பம் தந்திருக்குமோ? நாம் அவ்வாறு கருதவில்லை.

1751 தை மாதம், சனவரி 15ஆம் நாள், உஸ்கான் காலமானார். வேப்பேரியில் அவர் பேணிய மாதா கோயிலில் உடல் அடக்கம் செய்யப்பட்டது. இதயத்தை மட்டும் தனியே எடுத்து ஜுல்பாவுக்கு அனுப்புமாறு அவர் மரணசாதனம் எழுதியிருந்தார். அது பொற்பேழையில் வைத்துக் கொண்டு செல்லப்பட்டதென்பர். அவர் இளமையிற் கண்ட செல்வ ஜுல்பா அப்போது இல்லை. வீடுகள் பல பாழடைந்திருந்தன. ஆயினும் இதயம் அங்கேதான் போயிற்று.

வேப்பேரிக் கோயிலை மறு ஆண்டே கும்பனியார் கத்தோலிக்கரிடமிருந்து எடுத்து லுத்தரன் சபையார்க்குக் கொடுத்தனர். பெற்றவர் பப்ரிசியஸ் ஐயர். விவிலியத்தைத் தமிழாக்கியவரும் 1779இல் தமிழ்–ஆங்கில அகராதி வெளியிட்டவருமாகிய அவரே. உஸ்கான் கல்வெட்டில் இடம்பெறாத தமிழ், அவர் கல்லறை அருகே இவ்வாறு வளர்ந்தது. அடையாற்றுப் பாலத்தின் இடத்தில் 1966இற் புதுப்பாலம் எழுந்தபோது, தனித்தமிழ் வளர்த்த மறைமலையடிகள் பெயரை அதற்கு இட்டனர். மும்மொழிக் கல்வெட்டு அதன் அருகே நிற்கின்றது. வேப்பேரிக் கோயில் இப்போது புனித மத்தியாஸ் ஆலயம் எனப்படுகின்றது. உஸ்கானின் கல்லறைக்கல் அங்கே உளது.