கண்ணுக்குள் எட்டிப் பார்த்த ஹெல்ம்ஹோல்ட்ஸ்

தலைக்குள் இருக்கும் மூளையை வெளியிலிருந்து நாம் பார்க்க முடியாது. ஆனால் அங்கே ஏதோ கெடுதல் நடக்கிறது என்பதைக் கண் காட்டிக் கொடுத்துவிடும். அதற்கு முதலில் வழி திறந்தவர் ஹெர்மான் வான் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர்.

பெர்லினுக்கு அருகிலுள்ள பாட்ஸ்டாம் நகரில் 1821 ஆகஸ்டு 31 அன்று அவர் பிறந்தார். தந்தையார் பள்ளி ஆசிரியர். மகனுக்குப் பௌதிகத்தில் தீராத ஆசை. ஆனால் அதைப் படிக்க வைக்க வீட்டில் வசதி இல்லை. பெர்லினில் இராணுவ மருத்துவர்களுக்கான கல்லூரி ஒன்றில் கட்டணமின்றிப் படிக்கலாம். படித்தபின் எட்டு ஆண்டுகள் படையில் பணியாற்ற வேண்டும். வேறு வழியின்றி 1838இல் அதில் சேர்ந்தார். மாணவராக இருந்தபோது காய்ச்சல் கண்டு மருத்துவமனையில் கிடந்தார். அங்கே செலவில்லாததால் மிச்சமான பணத்தில் ஒரு மைக்ராஸ்கோப் வாங்கினாராம்! காய்ச்சலிலும் ஆதாயம் கண்டவர் அவர்.

26 வயது நிறையும் முன்பே, 1847இல், ஆற்றல் அழிவதில்லை, வடிவம் மட்டுமே மாறுகிறது என்னும் உண்மையைக் கணக்குடன் விளக்கினார். பெயர்பெற்ற விஞ்ஞான இதழொன்று அக்கட்டுரையை ஏற்கவில்லை. அவர் அதைத் தனி நூலாக வெளியிட்டார். படைப்பணியிலிருந்து முன்னதாகவே விடுவிக்கப்பட்டு, 1849இல் கோனிக்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார்.

அங்கே மாணவர்களுக்குப் பாடம் தயாரிக்கும்போதுதான் அந்தக் கேள்வி எழுந்தது. கண்ணின் பாவை ஏன் கருப்பாகத் தெரிகிறது? உள்ளே செல்லும் ஒளி வந்த வழியே விளக்கை நோக்கித் திரும்புகிறது. அதைக் காண அதே வழியில் நாம் தலையை நீட்டினால் விளக்கையே மறைத்துவிடுகிறோம். ஹெல்ம்ஹோல்ட்ஸ் மெல்லிய கண்ணாடித் தகடுகளைச் சாய்வாக வைத்தார். பக்கத்திலுள்ள விளக்கின் ஒளி தகட்டில் பட்டு நோயாளியின் கண்ணுக்குள் சென்றது; திரும்பிய ஒளி தகட்டை ஊடுருவி அவருடைய கண்ணை அடைந்தது. கண்ணாடி, அட்டை, பசை, ஒரு வில்லை, அவ்வளவுதான் கருவி! உயிருள்ள மனிதனின் விழித்திரையும் பார்வை நரம்பின் முனையும் தெளிவாகத் தெரிந்தன. 1851இல் இதைப் பற்றிய சிறு நூல் வெளிவந்தது.

பௌதிகம் மட்டும் படித்தவருக்கு நோயாளியின் கண் நினைவுக்கு வந்திராது. மருத்துவம் மட்டும் படித்தவர் ஒளியின் பாதையை வரைந்திருக்க மாட்டார். விருப்பமில்லாமல் படித்த படிப்பும் விரும்பிய படிப்பும் ஒருவரிடமே சேர்ந்ததால்தான் இக்கருவி பிறந்தது என்று நாங்கள் எண்ணுகிறோம்.

பெர்லினில் ஆல்பிரெக்ட் வான் கிரேஃபே என்னும் இளம் கண் மருத்துவர் இக்கருவியை ஆவலோடு கையில் எடுத்தார். மூளையில் கட்டி உள்ளவர்களின் பார்வை நரம்பு முனை வீங்கியிருப்பதைக் கண்டு, மண்டைக்குள் அழுத்தம் கூடுவதே காரணம் என 1860இல் எழுதினார். அந்த அழுத்தத்தைக் கவனியாது விட்டால் பார்வை போகும், உயிரும் போகும்.

ஹெல்ம்ஹோல்ட்ஸ் பின்னர் ஒலி, இசை, மின்சாரம் என்று எத்தனையோ துறைகளில் உழைத்தார். 1871இல் பெர்லினில் பௌதிகப் பேராசிரியரானார். சிறுவயது ஆசை ஐம்பதாவது வயதில் நிறைவேறியது. ரேடியோ அலைகளைக் கண்டறிந்த ஹெர்ட்ஸ் அவருடைய மாணவரே. 1894 செப்டம்பர் 8 அன்று அவர் காலமானார்.

இன்று அதே கண்ணை அல்ட்ராசவுண்ட் கருவியாலும் சோதிக்கிறார்கள். மூளையைச் சுற்றியுள்ள உறையும் நீரும் பார்வை நரம்பையும் சூழ்ந்து வருகின்றன. மண்டைக்குள் அழுத்தம் ஏறினால் அவ்வுறை உப்பும். மூடிய இமைமீது பசைபோன்ற ஜெல் தடவி, கருவியை மெல்ல வைத்து, விழிக்கோளத்திற்கு 3 மில்லிமீட்டர் பின்னால் உறையின் அகலத்தை அளக்கிறார்கள். ஏறத்தாழ 5 மில்லிமீட்டருக்கு மேல் போனால் சந்தேகம். ஸ்கேன் முதலிய சோதனைகளால் உறுதி செய்வார்கள். நரம்பு முனை வீங்கப் பல மணி நேரமோ சில நாட்களோ ஆகலாம். உறையோ விரைவிலேயே விரிந்துவிடும். விபத்தில் தலையில் அடிபட்டு நினைவின்றிக் கிடப்பவருக்குப் படுக்கை அருகிலேயே சில நிமிடங்களில் இதைச் செய்ய முடிகிறது.