வீரமாமுனிவர்

வீரமாமுனிவர் (நவம்பர் 8, 1680 – பெப்ரவரி 4, 1747) இத்தாலியில் பிறந்து, தமிழகத்தில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தொண்டாற்றிய இயேசு சபைத் துறவியும் தமிழறிஞரும் ஆவார். கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி என்பது இவரது இயற்பெயர். தேம்பாவணி என்னும் காப்பியம், சதுரகராதி, தொன்னூல் விளக்கம் முதலிய நூல்களை இயற்றியவர். இன்றைய அரியலூர் மாவட்டத்தில், திருமானூருக்கு அருகிலுள்ள ஏலாக்குறிச்சி இவரது வாழ்வோடு நெருங்கிய தொடர்புடைய ஊராகும்.

பிறப்பும் வருகையும்

இத்தாலியின் மாந்துவா பகுதியிலுள்ள காஸ்திலியோனே என்னும் ஊரில் பிறந்தார். 1698-இல் இயேசு சபையில் சேர்ந்து, 1709-இல் குருப்பட்டம் பெற்றார். 1710-இல் கோவாவை அடைந்து, அடுத்த ஆண்டு மதுரை மறைத்தளத்திற்கு வந்தார். சுப்பிரதீபக் கவிராயரிடம் தமிழ் இலக்கிய இலக்கணங்களைக் கற்றார் என்பது மரபுவழிச் செய்தி. முதலில் தம் பெயரைத் தைரியநாதர் என மாற்றிக் கொண்டார். வீரமாமுனிவர் என்னும் பெயரே பின்னர் நிலைத்தது.

உடையும் வழக்கமும்

இவருக்கு ஒரு நூற்றாண்டு முன்பே, 1606-இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நோபிலி, தமிழர் மதிக்கும் துறவியின் கோலத்தை ஏற்றிருந்தார். வீரமாமுனிவரும் அவ்வழியே சென்று காவியுடை தரித்து, மரக்கறி உணவை மேற்கொண்டார். முத்துசாமிப் பிள்ளை 1822-இல் எழுதிய வரலாறு, காதில் முத்துக் கடுக்கன், புலித்தோல் இருக்கை, பல்லக்கு என இவரை விரிவாக வருணிக்கின்றது. அவ்வரலாறு இவரது காலத்திற்கு எழுபத்தைந்து ஆண்டுகள் பிற்பட்டதாகையால் அதனை எச்சரிக்கையுடன் கொள்ள வேண்டும். சந்தா சாகிபிடம் திவானாக இருந்தார் என்னும் செய்தியை ஆய்வாளர் பலர் ஏற்பதில்லை.

இக்கோலம் வெறும் வேடமன்று. காவி, புலித்தோல், நெற்றிக்குறி, தாலி ஆகியன அக்காலத் தமிழ் மக்களுக்குச் சொல்லாமலே பொருள் உணர்த்தியவை. ஒரு நாட்டில் புனிதமான அடையாளம் மற்றொரு நாட்டில் இழிவாகப்படலாம். இதற்கு நல்ல எடுத்துக்காட்டு திருமுழுக்குச் சடங்காகும். ஐரோப்பாவில் குரு தம் எச்சிலால் தொடுவதும் ஊதுவதும் அக்காலத்தில் அச்சடங்கின் பகுதிகளாக இருந்தன. எச்சிலைத் தீட்டாகக் கருதிய தமிழருக்கு இது அருவருப்பாக இருந்தமையால் இயேசு சபையினர் அதனை விலக்கினர். பாப்பரசரின் தூதராகிய தூர்னோன் 1704-இல் புதுச்சேரியில் பிறப்பித்த ஆணை இதனைக் கண்டித்தது. பிள்ளையார் உருவம் பொறித்த தாலி, திருநீறு, திருமணத்தில் தேங்காய் உடைத்தல் ஆகியனவும் அவ்வாணையில் தடை செய்யப்பட்டன. எனவே வீரமாமுனிவர் தமிழகத்தில் பணியாற்றிய காலம் முழுவதும் இப்பூசல் உரோமையில் முடிவுறாமலே இருந்தது.

இதற்கு மற்றொரு பக்கமும் உண்டு. தாழ்த்தப்பட்டோரின் இல்லங்களுக்குக் குருக்கள் செல்லத் தயங்கியதையும் அதே ஆணை கண்டித்தது. உள்ளூர் வழக்கத்தை மதித்தவர்கள் அதனுள் இருந்த சாதி வேற்றுமையையும் உடன் ஏற்றுக்கொண்டனர் என்னும் குற்றச்சாட்டை எளிதில் தள்ளிவிட இயலாது.

திருக்காவலூர்

ஏலாக்குறிச்சிக்குத் திருக்காவலூர் எனப் பெயரிட்டு, அடைக்கல மாதா ஆலயத்தை எழுப்பினார். சைவ, வைணவத் தலங்களுக்குப் புலவர் சிற்றிலக்கியம் பாடுவது போலவே திருக்காவலூர்க் கலம்பகம் பாடினார். அன்னை அழுங்கல் அந்தாதி, கித்தேரியம்மாள் அம்மானை ஆகியனவும் தமிழ் மரபு வடிவங்களே. அரியலூர்ப் பாளையக்காரரான மழவராயர் ஒருவர் நோய் நீங்கி இவ்வாலயத்திற்கு நிலம் அளித்தார் என ஊர் மரபு கூறுகின்றது. இன்றைய கடலூர் மாவட்டத்திலுள்ள கோணான்குப்பத்தில் பெரியநாயகி மாதாவுக்கு ஆலயம் அமைத்தார். அங்கு மரியன்னை தமிழ்ப் பெண்ணைப் போல் சேலை உடுத்திக் காட்சி தருகின்றார்.

பழைய நூல்களில் ஏலாக்குறிச்சி திருச்சிராப்பள்ளி மாவட்டம் என்றும், 1995-க்குப் பிற்பட்ட சிலவற்றில் பெரம்பலூர் மாவட்டம் என்றும் காணப்படும். அரியலூர் தனி மாவட்டமாக நிலைபெற்றது 2007-இல் தான்.

எழுத்துச் சீர்திருத்தம்

பழைய எழுத்து முறையில் எகர ஒகரக் குறில்கள் புள்ளி பெற்றன. நெடில்கள் புள்ளி பெறவில்லை. ஓலையில் எழுதுவோர் பெரும்பாலும் புள்ளியை விட்டுவிட்டனர். இதனால் எரியா ஏரியா என்பதை இடம் நோக்கியே உணர வேண்டியிருந்தது. இவர் குறிலைப் புள்ளியின்றி விட்டு, நெடிலுக்கு வேறு குறி அளித்தார். ஒகரத்தின் கீழ்ச் சுழி இட்டு ஓகாரமாக்கினார். ஒற்றைக் கொம்பை மேலே சுழித்து இரட்டைக் கொம்பு ஆக்கினார். இன்று கணினியில் 'கெ', 'கே' என்பனவற்றிற்குத் தனித்தனிக் குறியீடுகள் உள்ளமைக்கு இம்மாற்றமே அடிப்படை. ஆப்பிரிக்காவின் யொரூபா மொழியிலும் இதையொத்த சிக்கல் எழுந்தது. 19-ஆம் நூற்றாண்டில் அங்கு சாமுவேல் அஜாயி குரோத்தர் முதலிய கிறித்தவப் பணியாளர் உருவாக்கிய எழுத்து முறையில், எ, ஒ ஆகியவற்றின் இருவகை ஒலிகளைப் பிரித்தறிய எழுத்தின் கீழே குறி இடப்பட்டது.

நூல்கள்

1726-இல் நிறைவுற்ற தேம்பாவணி, 3 காண்டங்களும் 36 படலங்களும் 3615 பாடல்களும் கொண்டது. இதன் தலைவர் இயேசுவின் வளர்ப்புத் தந்தையான சூசை. அவரை வளன் என்றும் திருமுழுக்கு யோவானைக் கருணையன் என்றும் இவர் தமிழாக்கினார். அயற்பெயரை ஒலிபெயர்ப்பதோடு நிற்கவில்லை. 1732-இல் தொகுத்த சதுரகராதி, தமிழில் அகராதிக் கலைக்கு வழிகாட்டியது. எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி ஆகிய ஐந்தையும் கூறுவது தொன்னூல் விளக்கம். திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் மொழிபெயர்த்தார். பரமார்த்த குரு கதை இன்றும் சிறுவரால் விரும்பிப் படிக்கப்படுகின்றது.

இறுதிக் காலம்

1744-இல் பாப்பரசர் பதினான்காம் பெனடிக்ட், தூர்னோனின் ஆணையைப் பெரும்பாலும் உறுதி செய்து, அதற்குக் கட்டுப்படுவதாகக் குருக்கள் உறுதிமொழி எடுக்குமாறு பணித்தார். அடுத்த மூன்றாண்டுகளுக்குள், இன்றைய கேரளத்தின் அம்பலக்காட்டில் வீரமாமுனிவர் காலமானார். குருக்கள் மீது விதிக்கப்பட்ட அந்த உறுதிமொழி 1940-இல் நீக்கப்பட்டது. 1968-இல் இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டிச் சென்னைக் கடற்கரையில் இவருக்குச் சிலை நிறுவப்பட்டது.