கயாக் கவிழ்ந்தாலும் நிமிரத் தெரிந்தவர்... பனிக்கடலில் மாயமான ஜினோ வாட்கின்ஸ் யார்?

நடுக்கடலில் கயாக் படகு தலைகீழாகக் கவிழ்ந்தால் என்ன செய்வது? கிரீன்லாந்தின் இன்யூட் வேட்டைக்காரர்களிடம் அதற்கு விடை கற்றவர், பிரிட்டனின் ஜினோ வாட்கின்ஸ்.

1907-ல் லண்டனில் பிறந்தார். 1930-ல், பிரிட்டன் - கனடா விமானப் பாதைக்காக கிரீன்லாந்தை ஆராயப் போன 14 பேர் குழுவுக்கு 23 வயதில் தலைவரானார்.

அங்கேதான் கயாக் பழகினார். கவிழ்ந்தாலும் படகை விட்டு வெளியே வரக்கூடாது. துடுப்பால் தண்ணீரை அழுத்தி, இடுப்பைத் திருப்பி அப்படியே நிமிரணும். தோல் உடை படகின் வாயை மூடியிருப்பதால் தண்ணீர் அதிகம் புகாது. வெளியே வந்துட்டா படகு நிரம்பிடும், பனிநீரில் கையும் சீக்கிரம் மரத்துப்போகும்.

1932 ஆகஸ்ட் 20. உணவுக்காக சீல் வேட்டைக்குத் தனியாகக் கிளம்பினார். தேடிப்போன நண்பர்களுக்குக் கிடைத்தது, ஆளில்லாமல் மிதந்த கயாக்கும் பனித்திட்டில் கிடந்த கால்சட்டையும்தான். உடல் கிடைக்கவே இல்லை. அப்போது அவருக்கு வயது 25.

இன்று தனியாகப் போறவங்க, திரும்ப ஏறுவதற்குத் துடுப்பில் மாட்டும் காற்றுப்பையும், ஏறிய பிறகு தண்ணீரை இறைக்க பம்பும் வைத்திருக்கிறார்கள். கைப்பம்ப் அடிக்கும்போது துடுப்பை விடணும். கால்பம்ப் என்றால் இரண்டு கையும் துடுப்பிலேயே இருக்கும். அலையில் தனியாக இருப்பவருக்கு அந்த வித்தியாசம்தான் உயிர்.